மகளின் பெயர் எங்கே?

ஆணும் பெண்ணும் நிகர் என்னும் பாடத்தை எமது பிள்ளைகள் எங்கே கற்கின்றனர் என்று கேட்டால், பெற்றோர் பாடசாலையைக் கைகாட்டுவர். ஆசிரியர் வீட்டைக் கைகாட்டுவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், மல்லாவியிலும் துணுக்காயிலும் யோகபுரத்திலும் இவ்விதழை வாசிக்கும் கமக்காரர்க்கும், ஆசிரியர்க்கும், சட்டத்தரணிகட்கும், உத்தியோகத்தர்க்கும் மூன்றாவது பள்ளிக்கூடம் ஒன்றை இவ்வாரம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், பழைய உறையொன்றுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் காணி அனுமதிப்பத்திரமே அப்பள்ளிக்கூடம். அதிலே யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பதைப் பிள்ளை ஒருநாள் அறிந்துகொள்கிறது. அன்று அது கற்கும் பாடத்தை எந்த மேடைப் பிரசங்கமும் பின்னர் அழித்தெழுத இயலாது.

பிள்ளை காதாற் கற்பதிலும் கண்ணாற் கற்பதே மிகுதி. நாலு வயதுப் பையன் பனங்காய் வண்டில் உருட்டித் திரிகிறான். அவன் தங்கை சிரட்டையில் மண்சோறு ஆக்குகிறாள். இவ்விளையாட்டை எவரும் அவர்களுக்கு வகுப்பு வைத்துக் கற்பித்தாரில்லை. தகப்பன் வண்டியோடு போவதையும் தாய் அடுப்படியில் நிற்பதையும் கண்டார்கள்; கண்டதைச் செய்கிறார்கள். தகப்பன் உண்ட கோப்பையை எடுப்பவர் யார், விருந்தினர் வந்ததும் கதிரையை விட்டு எழும்புபவர் யார், கடைக்கணக்கைத் தீர்ப்பவர் யார், மீன் துண்டு பெரிதாய் விழுவது யாருடைய சோற்றில் என்பனவெல்லாம் பிள்ளையின் பாடப்புத்தகங்கள். இவற்றோடு வாய்ச்சொல்லும் சேருகிறது. பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று என்னும் பழமொழியைப் புகையிலைச் செய்கையோடு குடாநாட்டிலிருந்து இங்கு கொண்டுவந்தோர் நாமே. விழுந்து முழங்கால் உடைந்த பையனைப் பார்த்து, "ஆம்பிளைப்பிள்ளை அழுவதோ?" என்று கேட்போரும் நாமே. ஒருத்திக்குச் சிரிப்பும் ஒருவனுக்கு அழுகையும் விலக்கப்பட்டிருக்கும் வீட்டில், இருவரும் நிகர் என்று பிள்ளை எவ்வாறு நம்பும்?

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியின் முடிபு 2017ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. மிகமிகக் கெட்டித்தனமுள்ள ஒருவரின் கதையைச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லி, அவர் இந்தப் படங்களுள் யாராயிருப்பார் என்று கேட்டனர். ஐந்து வயதினருள், ஆண்பிள்ளைகள் ஆணையும் பெண்பிள்ளைகள் பெண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவிற் காட்டினர். ஆறு, ஏழு வயதிலோ பெண்பிள்ளைகள் தம்மினத்தாரைக் காட்டுவது குறைந்துபோயிற்று. வியப்பு என்னவெனில், வகுப்பில் நல்ல புள்ளி எடுப்போர் பெண்பிள்ளைகளே என்பதையும் அதே சிறுமியர் அறிந்திருந்தனர். புள்ளியும் தம்முடையது, ஆனால் புத்தி மற்றவருடையது! ஓராண்டு இடைவெளியில் இந்த எண்ணம் அவர்கள் நெஞ்சிற் புகுந்துவிட்டது. முதலாம் ஆண்டு வகுப்பில் எமது பிள்ளைகள் அமரும் வயதும் அதுவே.

நிற்க. உழவைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. அதைக் கேட்டால் எமது கமக்காரர் புன்னகை செய்வர். டென்மார்க் நாட்டுப் பொருளியலறிஞராகிய எஸ்தர் பொசரப் அம்மையார் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், மண்வெட்டியாற் பயிர்செய்த நாடுகளிற் பெண்கள் வயலில் முன்னின்றனர் என்றும், கலப்பை பிடித்து உழுத நாடுகளில் வயல் ஆணுடையதாயும் வீடு பெண்ணுடையதாயும் பிரிந்தன என்றும் எழுதினார். கலப்பையை அழுத்திப் பிடிக்கவும் எருதை அடக்கவும் தோள்வலி வேண்டியிருந்தமையே காரணம் என்றார். இக்கூற்றைப் பொருளியலறிஞர் மூவர் 2013ஆம் ஆண்டில் உலகளாவிய கணக்குகளை வைத்துச் சோதித்தனர். உழவுநாட்டு மரபினரிடையே பெண்கள் வெளித்தொழிலிலும் அரசியலிலும் ஈடுபடுவது இன்றளவும் குறைவாயிருக்கக் கண்டனர். அதனிலும் முக்கியமானது ஒன்று: அந்நாடுகளிலிருந்து பிறதேசங்களுக்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளிடமும், கலப்பையையே கண்டறியாத அப்பிள்ளைகளிடமும், அதே எண்ணம் இருந்தது. எருது போயிற்று, ஏர் போயிற்று, ஊரும் போயிற்று. தகப்பனிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் அந்த எண்ணம் மட்டும் முதுசமாய் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதனை வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் வைத்துப் பார்ப்போம். உழவும் வரம்பு கட்டலும் விதைப்பும் ஆண்வேலை. நாற்று நடலும் களை பிடுங்கலும் அரிவு வெட்டும் பெண்வேலை என்பது பழைய ஒழுங்கு. இன்று காலபோகத்துக்கு உழவு இயந்திரம் இறங்குகிறது. அறுவடைக்குப் பெரிய இயந்திரம் வந்து ஒருநாளில் பல ஏக்கரை வெட்டி அடித்துத் தந்துவிட்டுப் போகிறது. உழவு இயந்திரத்தின் சுக்கானைத் திருப்பத் தோள்வலி வேண்டியதில்லை. சைக்கிள் மிதித்து நெடுந்தூரம் பாடசாலை போய்வரும் பெண்பிள்ளையின் காலுக்கு அதன் மிதிகட்டை பாரமுமன்று. ஆயினும், அந்த ஆசனத்தில் ஏறி அமரும்படி பதினாறு வயது மகனை அழைக்கும் தகப்பன், பதினெட்டு வயது மகளைத் தேநீர் கொண்டுவரச் சொல்கிறான். அரிவு வெட்டும் களை பிடுங்கலும் குறைந்ததனால் பெண்ணின் கூலிநாட்கள் குறைந்தன. இயந்திரத்தினால் வந்த புதிய வேலையோ முழுதும் ஆணிடம் போயிற்று. இதைக் கவனித்துப் பேசிய கமக்காரர் அமைப்பு ஒன்றையும் நாம் அறியோம்.

இவ்வாறு சொல்லும்போது, வன்னிப் பெண்களைப் பற்றி அறியாதார்போல் எழுதுகிறோம் என்று எவரும் எண்ணற்க. 1995, 1996ஆம் ஆண்டுகளிற் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரைத் தன் வளவுகளில் இருத்திய ஊர் மல்லாவி. 2008இல் மல்லாவியே மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தது. 2009ஆம் ஆண்டின் கடைசி தொட்டு மக்கள் மீண்டு வந்தபோது, பற்றைக்காடாய்க் கிடந்த வளவைத் துப்புரவாக்கியோருள், தகரக் கொட்டில் போட்டோருள், விதைநெல்லுக்குக் கடன் கேட்டு நின்றோருள் கணவனை இழந்த பெண்கள் எத்தனை ஆயிரம்! அவர்கள் கிணறு இறைத்தனர், கூரை வேய்ந்தனர், நெல்மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆலைக்குப் போயினர், காணாமற்போனோரைத் தேடிக் காரியாலயம் காரியாலயமாய் ஏறி இறங்கினர். போர்க்காலத்தில் துவக்கேந்திய பெண்களும், பாரவூர்தி செலுத்திய பெண்களும், காயப்பட்டோர்க்குக் கட்டுப்போட்ட பெண்களும் இம்மண்ணிலே வாழ்ந்தனர். போர் முடிந்ததும் அவர்களுட் பலர்க்கு ஊர் கூறிய முதற் புத்திமதி, தலைமயிரை வளர்த்துக்கொண்டு வாய்மூடி இருக்கவேண்டும் என்பதே. முன்னர் அவர்களைப் போற்றியோரும் தூற்றியோரும் இந்த ஒரு புத்திமதியில் மட்டும் ஒற்றுமைப்பட்டனர்.

ஆகவே இங்குள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் ஒருங்கே நடக்கின்றன. தாய் எல்லா வேலையும் செய்யவல்லவள் என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். தாய் எதற்கும் தலைமை தாங்கத் தக்கவளல்லள் என்பதையும் நாள்தோறும் காண்கின்றனர். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தகப்பனின் பெயரையோ, வீட்டில் இல்லாத மாமனின் பெயரையோ எழுதச்சொல்லும் வழக்கம் இன்னும் முற்றாய் ஒழிந்தபாடில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், துருசு திறப்பது எந்நாள், வாய்க்காற் பங்கு யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்போர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆண்கள். பின்னே நிற்கும் பெண்ணும் அதே வாய்க்காலிற் பங்குகொண்ட கமக்காரிதான். "அம்மா, வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று அவளைக் கேட்கிறார்கள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை அக்கேள்வியைக் கேட்கிறது.

கூலியும் அவ்வாறே. ஒரே வயலில், ஒரே வெயிலில், ஒரே நேரம் ஏறி ஒரே நேரம் கரை சேர்ந்தோருக்கு ஆண்கூலி ஒன்று, பெண்கூலி ஒன்று என்று இரண்டு விலை வைத்திருக்கிறோம். ஆண் மூட்டை சுமப்பான் என்று விடை கூறுவர். மூட்டை இல்லாத நாளிலும் அவ்வித்தியாசம் குறைவதில்லை. தோட்டத் துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி எம்மோடு வாழும் குடும்பங்களின் பெண்கள், அங்கிருந்த தம் உறவினர் பெற்ற அந்நீதியை இங்கு வந்து இழந்தனர். உரிமை உரிமை என்று கொழும்பை நோக்கி முழங்கும் எமது வாயிலிருந்து, வரம்பிலே நிற்கும் கூலிப்பெண்ணின் உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் பிறவாதிருப்பது நன்றன்று.

இனி அலுமாரியில் உள்ள பத்திரத்துக்கு வருவோம்.

வவுனிக்குளத்தின் கீழும், ஏனைய குடியேற்றத் திட்டங்களின் கீழும், வன்னியிற் காணி பெற்றோர் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமோ அளிப்புப்பத்திரமோ பெற்றோராவர். டி. எஸ். சேனநாயக்கா விவசாய மந்திரியாயிருந்த காலத்துச் சட்டம் அது. அதற்கு நாலாண்டு முன்னர், 1931இல், இந்நாட்டுப் பெண்களுக்கு ஆண்களோடொத்த வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்கில் நிகர் என்று ஒப்புக்கொண்ட நாடு, வயலில் நிகர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. காணி உடையவர் பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்காமல் இறந்துவிட்டால், காணி யாரைச் சேரும் என்பதை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஒழுங்குபடுத்திக் கூறிற்று. ஆண்மக்கள், அவர்க்குப் பின் பெண்மக்கள். பேரன்மார், பின் பேத்தியர். தகப்பன், பின் தாய். சகோதரர், பின் சகோதரியர் என்று படிக்குப் படி ஆண் முன்னும் பெண் பின்னுமாய் அந்த வரிசை இறங்கிற்று. காணியோ துண்டாடப்படக்கூடாதது, ஒருவரையே சேரவேண்டுவது. எனவே பெரும்பாலும் மூத்த மகன் பெற்றான். அவனுக்கு மூத்த அக்காள் இருந்தாலும், தகப்பனோடு நின்று மண் சுமந்தவள் அவளேயாயினும், அவன் பெயரே ஏறிற்று.

இதில் எம்மவர் கவனியாத வேடிக்கை ஒன்று உண்டு. குடாநாட்டிலிருந்து வன்னிக்குக் குடியேறியோர் தேசவழமையின் கீழ் வளர்ந்தோர். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், தொகுத்து எழுதப்பட்ட அவ்வழமையிலே மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் தோட்டமும் கொடுப்பது வழக்கம். தென்னாசியாவின் பல பாகங்களிலும் பெண்ணுக்கு நிலமே இல்லாதிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பெண் தன் பெயரில் உறுதி வைத்திருந்தாள். அச்சிறப்பும் முழுமையானதன்று. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கமுடியாது என்று விதித்தது. கணவன் தன் சொத்தை விற்க அவள் சம்மதம் தேவைப்படவில்லை. உறுதி அவள் பெயரில், பேனை அவன் கையில். ஆயினும் உறுதியாவது அவள் பெயரில் இருந்தது. ஆனையிறவைக் கடந்து வன்னிக்கு வந்து அரசாங்கக் காணியைப் பெற்றபோது, அப்பெயரும் அவளை விட்டுப் போயிற்று. தேசவழமையை எமது பண்பாட்டின் பெருமைகளுள் ஒன்றாய்ப் பேசும் நாம், கொழும்பிலே எழுதப்பட்ட ஓர் அட்டவணை எம் பெண்மக்களின் காணியுரிமையை இங்கு இல்லாதாக்கியதை இரண்டு மூன்று தலைமுறை பேசாதிருந்தோம்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையிற் பாலினால் எவர்க்கும் வேறுபாடு காட்டலாகாது என்றது. அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு மாறாயிருப்பினும் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. இதனால் 1935இன் அட்டவணை மேலும் பல்லாண்டு உயிர்வாழ்ந்தது. பெண்கள் அமைப்புகளும் சட்ட அறிஞரும் நெடுங்காலம் முறையிட்ட பின்னர், 2022ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் திருத்தச்சட்டம் நிறைவேற்றி, ஆணுக்குப் பின் பெண் என்ற அந்த வரிசையை நீக்கிற்று. எண்பத்தேழு ஆண்டுகள்! பெண் ஒருவரை உலகின் முதற் பிரதமராக 1960இலேயே ஆக்கிய நாட்டுக்கு, மகளை மகனோடு ஒரே வரியில் எழுத இத்தனை காலம் பிடித்தது.

அரசாங்கத்தைக் குறைகூறுவதோடு இவ்விஷயத்தை முடித்துவிட எமக்கு மனமில்லை. ஏனெனில் குறையின் பெரும்பங்கு எம்முடையது. அவ்வட்டவணை நியமனம் செய்யாமல் இறந்தோர்க்கே உரியது. உயிரோடு இருக்கும்போது மனைவியையோ மகளையோ பின்னுரித்தாளராய் நியமிப்பதை அச்சட்டம் எக்காலத்திலும் தடுத்ததில்லை. தடுத்தது எமது மனம். நியமனம் செய்த சிலரும் மகன் பெயரையே எழுதினர். மகன் கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய்ப் பதினைந்து ஆண்டாகியும், காணியைச் செய்கை பண்ணித் தாய் தகப்பனைப் பராமரிப்பவள் மகளேயாயினும், பத்திரத்தில் அவன் பெயரே இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே இல்லையென்று யார் சொல்வார்? பின்னர் வழக்கு, விசாரணை, சகோதரர் பகை. இவ்விதழின் வாசகராயிருக்கும் காணி உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் இதனை எம்மிலும் நன்கறிவர்.

மகளுக்குத்தான் சீதனம் கொடுக்கிறோமே, காணியும் ஏன் என்று சிலர் கேட்பர். கேள்வி நேர்மையானதே, விடையும் நேராகவே கூறுவோம். இன்று சீதனம் என்று போவது பெரும்பாலும் காசும் நகையும். காசு மாப்பிள்ளை வீட்டாரிடம் போகிறது. நகை ஆடி மாதத்தில் அடைவு கடைக்குப் போகிறது. மகளின் கையில் மிஞ்சுவது என்ன? ஆண்டுதோறும் இருபோகம் விளையும் இரண்டரை ஏக்கரும் ஐந்து பவுண் சங்கிலியும் ஒன்றாகா. அன்றியும், சீதனத்தைப் பேரம் பேசும் கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்து கேட்கும் சிறிய மகள், தான் இவ்வீட்டுக்கு ஒரு செலவு என்பதையும், அண்ணன் ஒரு வரவு என்பதையும் அங்கேதான் கணக்காய்க் கற்றுக்கொள்கிறாள்.

பாடசாலைகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இலவசக் கல்வி 1945இல் வந்தது. உடுவிலில் 1824இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை அமைந்த மாகாணம் எம்முடையது. படிப்பிலே பெண்பிள்ளைகள் பின்தங்கவில்லை. நாட்டின் பல்கலைக்கழகங்களுக்குப் புகுவோருள் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டோர் பெண்களே. ஆனால் 2023ஆம் ஆண்டின் கணக்குப்படி, உழைக்கும் வயதுப் பெண்களுள் மூன்றில் ஒருவர்கூட ஊதியத் தொழிற்படையில் இல்லை. ஆண்களிலோ மூவரில் இருவர் உள்ளனர். படிப்பித்த பாடம் ஒன்று, படிந்த பாடம் வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? எந்தப் பாடசாலையையும் பெயர்சுட்டிக் குறைகூறுவது எமது கருத்தன்று. பொதுவாய் நடப்பதைச் சொல்கிறோம். விழா வந்தால் ஆண்பிள்ளைகள் கதிரை சுமப்பர். பெண்பிள்ளைகள் கூட்டிப் பெருக்கிக் கோலமிட்டு, ஆராத்தித் தட்டுடன் வாசலில் வெயிலில் நிற்பர். பிரதம விருந்தினர் ஆண். மாலை சூட்டுபவள் மாணவி. ஆசிரியருள் நான்கில் மூன்று பங்கினர் அளவிற் பெண்களாயிருந்தும், அதிபர் கதிரையிற் பெண்ணைக் காண்பது அரிது. துடைப்பத்தையும் கதிரையையும் ஒருவாரம் மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதற்குக் கல்வி மந்திரியின் சுற்றறிக்கை வேண்டியதில்லை. வகுப்பாசிரியர் ஒருவரின் நாட்குறிப்பு போதும்.

பாடநூல்களையும் மாற்றலாம். கேரள அரசாங்கம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலிலே, வீட்டைப் பற்றிய படத்தில் தகப்பன் நிலத்தில் அமர்ந்து தேங்காய் துருவுகிறார். அதைக் கண்டு சிலர் நகைத்தனர், பலர் பாராட்டினர், கேரளத்துப் பிள்ளைகளோ படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பர். படம் செய்யவேண்டிய வேலையும் அவ்வளவே. இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் 314 அரசாங்கப் பாடசாலைகளைத் தெரிந்து, அவற்றுட் பாதியளவில் இரண்டரை ஆண்டுகள் ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றி மாணவரைப் பேசவைத்தனர். அதன் பயனை ஆராய்ந்த கட்டுரை 2022இல் வெளிவந்தது. பிள்ளைகளின் எண்ணம் குறிப்பிடத்தக்க அளவு மாறிற்று. ஆண்பிள்ளைகள் வீட்டுவேலையிற் கூடுதலாய்க் கைகொடுத்தனர். பெண் சிசுவைக் கருவிலேயே அழிப்பதாற் பெயர்கெட்ட மாநிலம் அது. அங்கே இயலுவது இங்கே இயலாதா? தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அகரவரிசையில் அறம் தொடக்கிவைப்பவள் ஔவை என்னும் பெண் என்பதை மேடைதோறும் சொல்லும் எமக்கு, ஹரியானாவைப் பார்த்துக் கற்கவேண்டிய நிலை வந்தது சற்று வெட்கமே.

கண்ணாற் காணும் பாடத்தின் வலிமைக்கு மேற்கு வங்காளத்திலிருந்து ஓர் உதாரணம். அங்கே கிராமசபைத் தலைமைகளுள் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்தக் கிராமத்துக்கு ஒதுக்குவது என்பது சீட்டுப் போடுவதுபோல் நிர்ணயமாயிற்று. 495 கிராமங்களில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்த ஆராய்ச்சி 2012இல் வெளிவந்தது. இருமுறை தொடர்ந்து பெண் தலைமையைக் கண்ட கிராமங்களிலே, மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த ஆசைகளின் இடைவெளி குறைந்திருந்தது. பிள்ளைகள் தம் எதிர்காலத்தைப் பற்றி வைத்திருந்த ஆசைகளில் அவ்விடைவெளி மூன்றிலொரு பங்கு அளவு குறைந்திருந்தது. படிப்பில் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இருந்த வித்தியாசம் மறைந்தேபோயிற்று. பெண்பிள்ளைகள் வீட்டுவேலையிற் செலவிடும் நேரமும் குறைந்தது. அத்தலைவியர் பெண்கல்விக்கென்று பெருந்திட்டம் ஒன்றும் செய்துவிடவில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள்; பிள்ளைகள் கண்டார்கள்.

எமது வன்னிப் பிள்ளைகளும் கண்டதுண்டு. இறுதிப்போர்க் காலத்தில் முல்லைத்தீவின் அரசாங்க அதிபராயிருந்தவர் திருமதி இமெல்டா சுகுமார். இலட்சக்கணக்கான மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்த காலத்தில் வவுனியாவின் அரசாங்க அதிபர் திருமதி பி. எஸ். எம். சார்ள்ஸ். மீள்குடியேற்றத்துக்குப் பின் கிளிநொச்சியை நெடுங்காலம் நிர்வகித்தவர் திருமதி ரூபவதி கேதீஸ்வரன். வன்னியின் மூன்று மாவட்டக் கச்சேரிகளிலும் மிகக் கடினமான காலத்திற் கதிரையில் இருந்தோர் தமிழ்ப் பெண்கள் என்பதை எத்தனை ஆசிரியர் தம் மாணவிகட்கு எடுத்துச் சொல்லியிருப்பர்?

உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கு என்னும் சட்டம் 2016இல் வந்து, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முதல் நடைமுறையாயிற்று. நல்லதே. ஆனால் அரசியற் கட்சிகள் செய்தது என்ன? எமது தமிழ்க் கட்சிகளையும் சேர்த்தே கேட்கிறோம். இடத்தை நிரப்ப ஒரு பெயர் தேடி, மனைவியரையும் மைத்துனியரையும் பட்டியலிற் போட்டன. உறுப்பினர் அவள், சபைக்கு வெளியே தொலைபேசியிற் பேசித் தீர்மானிப்பவன் அவன் என்று ஆகுமாயின், பிள்ளைகள் கற்பது வங்காளத்துப் பாடமாகாது, 1911ஆம் ஆண்டுப் பேனையின் பாடமே ஆகும். 2024இல் தெரிவான பாராளுமன்றத்தின் 225 பேருள்ளும் பெண்கள் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே உள்ளனர்; வடக்கின் மாவட்டங்களிலிருந்து பெண் ஒருவரும் அதற்குத் தெரிவாகவில்லை.

ஆண்பிள்ளைகளை இழிவுபடுத்த எழுதுகிறோம் என்று யாரும் கொள்ளவேண்டாம். உழவு இயந்திரம் ஓட்டிச் சம்பாதிக்க வல்லவன் என்று சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தப்படுபவன் மகனே. துன்பத்தை வாயாற் சொல்லத் தடைசெய்யப்பட்டு, அதைக் கள்ளிலும் கசிப்பிலும் கரைக்கப் பழகுபவனும் அவனே. தகப்பனை இழந்த வீட்டில் பதினொரு வயதில் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று பாரம் ஏற்றப்பட்ட பிள்ளைகளை எமது ஊர்களில் அறிவோம். அவ்வீட்டை அப்போதும் தாங்கியவள் தாய். பையனுக்குக் கிடைத்தது பயம் மட்டுமே.

இனிச் செய்யவேண்டுவன சில. கூலியை ஒன்றாக்குவதைக் கமக்காரர் அமைப்புகள் வரும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒருவாய்க்காற் காணிக்காரர் ஒற்றுமைப்பட்டாற் போதும். கணவனில்லாத கமக்காரிகளை நிருவாகத்தில் பொருளாளராயேனும் அமர்த்தலாம். சிறுகடன் கணக்குகளை ஒரு சதம் பிசகாமல் வைத்திருப்போர் அவர்களே. பிரதேச செயலகம் நடத்தும் நடமாடும் சேவைகளிற் பின்னுரித்தாளர் நியமனத்துக்கென ஒரு மேசை தனியாக வேண்டும் என்று மாவட்டச் செயலகத்தைக் கேட்கிறோம். நியமனம் காணிக்காரர் உயிரோடிருக்கும்போதே எழுதிப் பதிவாகவேண்டும், பதிவாகாதது செல்லாது. அரசாங்க உத்தியோகம் வகிக்கும் வாசகர்கள் தத்தம் தாய்தகப்பனின் பத்திரத்தை முதலில் எடுத்துப் பார்ப்பார்களாக. மூத்தவளோ இளையவனோ, செய்கை பண்ணுபவர் யார், பெற்றோரைப் பார்ப்பவர் யார் என்று குடும்பமாய் இருந்து பேசித் தீர்மானித்து, அப்பெயரை எழுதுவிப்பார்களாக. எழுதியபின், படிவத்தில் உள்ளதைப் பேரப்பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.